ஏலப்பாறை வரியில் ஒரு வெற்றுக் கட்டம்

போன வருடம் கர்க்கடக மாதம், அதாவது ஆடி. இடுக்கி மலையில் பேய்மழை. பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் மட்டும் வழக்கம்போலச் சுள்ளென்று வெயில். ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கத் தோன்றுகிறது.

நான் வேலை பார்ப்பது மருத்துவப் பொருள்களை மொத்தமாக வாங்கி, சிறிய ஆஸ்பத்திரிகளுக்கும் வீடுகளுக்கும் அனுப்புகிற ஒரு சின்ன நிறுவனத்தில். எந்த நாளில் யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்று திட்டம் போடுவது என் பொறுப்பு. நாங்கள் அனுப்புவதில் முக்கியமானது, சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் திரவப் பைகள். வயிற்றில் பொருத்தியிருக்கும் குழாய் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வெளியே வடித்துவிட்டு, அடுத்த பையை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மலை இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை என்பதால், எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். பை தீராமல் இருக்கும்வரை வரம்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு நீள நோட்டு இருந்தது. பிறகு, வாடிக்கையாளர் விவரம், ஆர்டர், அனுப்பும் தேதி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார்கள். அதில் விற்பனை அட்டவணை என்று ஒரு ரிப்போர்ட் வரும். இடது பக்கம் வரிசையாகப் பெயர்கள். மேலே மாதங்கள். குறுக்கே உள்ள கட்டங்களில் எத்தனை பெட்டி என்ற எண். அதைப் பார்த்து வண்டியில் ஏற்றினால் முடிந்தது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

சொல்லிக்கொடுக்கக் கொச்சியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். இரண்டு நாள் மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னாள். கட்டத்தில் பூஜ்யம் இருப்பதும் ஒன்றுமே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல என்று அவள் சொன்னது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. ஆனால் அந்த நேரத்தில் நான் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் எத்தனை சொல்வது என்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பூஜ்யமோ வெறுமையோ, இரண்டுக்கும் வண்டியில் ஏறப்போவது ஒன்றுமில்லைதானே, இதற்கு எதற்கு இத்தனை விளக்கம் என்றும் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு குணம் உண்டு. எதுவும் அடுக்காக, சுருக்கமாக இருக்க வேண்டும். என் வீட்டுச் சமையலறையில் டப்பாக்கள் உயர வாரியாகத்தான் நிற்கும். என் இடத்தில் முன்பு இருந்த பெண் பிரசவ விடுப்பில் போகும்போது, “ரிப்போர்ட்டு எடுக்கறதுக்கு முன்னால இடுக்கிக்கு ஒருக்கா போன் போட்டுக் கேட்டுக்கோங்க அக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கம்ப்யூட்டர் எதற்கு இருக்கிறது என்று நான் அதைக் காற்றில் விட்டேன். முதல் தடவை ரிப்போர்ட் எடுத்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று பக்கம், அங்கங்கே பல் விழுந்த வாய் மாதிரி வெற்றுக் கட்டங்கள். தேடிப் பார்த்தபோது, இந்த மாதக் கட்டம் வெறுமையாக இருக்கும் வரிகளை மறைக்க ஒரு வசதி இருந்தது. அழுத்தினேன். மூன்று பக்கம் ஒரே பக்கமாகச் சுருங்கியது.

முதலாளி அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, “இப்பத்தானுங்க பாக்கறதுக்குக் கண்ணுக்குக் குளுமையா இருக்குது” என்றார். அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. அந்தத் தாளை வைத்துத்தான் திங்கட்கிழமை இடுக்கிக்கு வண்டி போனது. எங்களிடம் இருப்பதே ஒரு வண்டி. அந்தப் பக்கம் மாதம் ஒரு முறைதான் போகும்.

வியாழக்கிழமை காலை அலுவலக போன் அடித்தது. எடுத்தால் மழைச் சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல். இடுக்கியில் ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். டயாலிசிஸ் அவருடைய கணவருக்கு. அவர்கள் இருக்கும் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், போனில் சிக்னல் கிடைக்காதாம். நனைந்துகொண்டே மேட்டுக்கு ஏறி வந்து பேசுகிறாராம்.

“தொந்தரவுக்கு மன்னிச்சுக்கிடுங்க மேடம். வண்டி மழையில எங்கயும் மாட்டிக்கிடுச்சோன்னு கேக்கத்தான் போட்டேன். அவுகளுக்கு இன்னும் மூணு பைதான் கெடக்கு.”

நான் நிதானமாக என் ஒற்றைப் பக்கத் தாளைப் பார்த்தேன். அவர்கள் பெயர் அதில் இல்லை. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

“ஏனுங்க அம்மணி, உங்களுக்கு இந்த மாசம் வேண்டாம்னு போட்டிருக்குதுங்களே?” என்றேன்.

அவர் திருப்பிக் கேட்டார். கோபமாக இல்லை, புரியாமல்தான் கேட்டார்.

“வேண்டாம்னு யாரு சொன்னது மேடம்?”

யார் சொன்னது? அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாருமே சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதைத்தான் ஒருவர் சொன்னதாகச் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன், அந்த மேட்டிலேயே எங்காவது நனையாத இடமாகப் பார்த்து நில்லுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

மூன்று பை என்றால் அன்று மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, மறுநாள் காலைக்கு ஒன்று. மறுநாள் மதியம் மாட்ட ஒன்றும் இல்லை. கிடங்கில் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. ஆனால் வண்டி கோட்டயத்தில் காலியாக நின்றது. அது திரும்பி வரவே சாயங்காலம் ஆகும். மழைக்காக மலைப்பாதைகளில் இரவுப் போக்குவரத்தை வேறு தடுத்து வைத்திருந்தார்கள். மறுநாள் விடியலில் கிளம்பினாலும் ஏலப்பாறை போய்ச் சேர ஏழெட்டு மணி நேரம். அதுவும் பாதை இருந்தால். அந்த மழையில் பாதை இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கொளுத்துகிற வெயிலில் எதிர்க் கடைக்காரர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெண் மழையில் நிற்கிறாள் என்பதையே என் கண் நம்ப மறுத்தது.

நாங்கள் பை அனுப்பும் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸிடம் பேசினேன். ஒரு தடவை தள்ளிப்போனால் சமாளித்துவிடலாம், ஆனால் பாதை அறுந்து இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டால் மூச்சு முட்டும், உடம்பில் நீர் ஏறும், அந்த நிலையில் ஆளை மலையிலிருந்து இறக்குவதே பெரும் பாடு, இன்றைக்கே ஏதாவது செய்யுங்கள் என்றார்.

அடுத்து இடுக்கிப் பக்கத்து விற்பனைப் பிரதிநிதிக்குப் போன் போட்டேன். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், வீடு வீடாகப் போய் விவரம் வாங்கிச் சாஃப்ட்வேரில் ஏற்றுபவர் அவர்தான். அன்றைக்குக் கட்டப்பனையில் இருந்தார். என் பயம் முழுவதும் கோபமாக அவர் மேல் பாய்ந்தது.

“ஏன் தம்பி, அந்தக் கட்டத்த அப்பிடியே உட்டுட்டீங்க? ஒரு நம்பர் போடறதுக்கு என்னங்க கேடு?”

அவர் பதறவில்லை. “மாத்தம் இருந்தாத்தான எழுதணும்க்கா? அவுகளுக்கு மாசம் பதினஞ்சு பெட்டி. வருசத்துக்கும் சேத்து ஆர்டர் ஏத்தி வச்சிருக்கேன்ல. எப்பவும் போலன்னா நான் எழுத மாட்டேன். முன்னாடி இருந்த அக்காவுக்கு இது தெரியும். போன் போட்டுக் கேட்டு அவங்களே நெரப்பிக்கிடுவாங்க.”

இது என்ன கூத்து, ஒன்றும் எழுதாவிட்டால் பதினைந்து என்று எந்த ஊரில் அர்த்தம் என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போது என் கண் எதிர்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் போய் நின்றது.

அலுவலகத்தில் டீ போடத் தினமும் காலையில் பால் பாக்கெட் வரும். பால் வராத நாளில் மட்டும் அந்தத் தேதி மேல் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுவது நான்தான். அந்த மாதத்தில் இரண்டே இரண்டு குறி. மற்ற கட்டமெல்லாம் வெறுமை. வெறுமை என்றால் பால் வந்தது, எப்போதும் போல. எங்கள் வீட்டு நாள்காட்டியும் அப்படித்தான். ஊரில் பால் வாங்குகிற அத்தனை வீட்டிலும் அப்படித்தான். பதினைந்து வருடமாக என் கையால் செய்கிற வேலை அது. அதையே அந்த மனுஷர் கம்ப்யூட்டரில் செய்தால் எனக்குப் புரியவில்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். “செரிங்க தம்பி, தப்பு என்னுதுதான்” என்றேன். அவர்மேலும் பாதித் தப்பு உண்டு என்று பிறகு தோன்றியது. அதைச் சண்டை போட்டுப் பங்கு பிரிக்க அப்போது நேரமில்லை.

நான் ஆசையாக மறைத்து வைத்த வரிகளை எல்லாம் திரும்ப வெளியே கொண்டுவந்தேன். மூன்று பக்கம். வெற்றுக் கட்டங்களில் பெரும்பாலானவை எப்போதாவது வாங்கும் ஆஸ்பத்திரிகள்; டயாலிசிஸ் பை வாங்கும் வீடுகளில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டேன். ஒருவர் பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டார், அங்கேயே வாங்கிக்கொள்கிறார். இன்னொருவர் நெல்லியாம்பதியில். அவருக்குப் போக வேண்டியது போகவில்லை. ஆனால் கையில் ஒரு வாரத்துக்கு இருக்கிறது என்றார். கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த நாளே அனுப்பினால் போதும்.

ஏலப்பாறைக்கு என்ன செய்வது? மூன்று பக்கத்தையும் மறுபடி மேலிருந்து கீழாகப் படித்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். குட்டிக்கானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரின் வரியில், அந்த மாதக் கட்டத்தில் ஒரு பூஜ்யம். வெறுமை இல்லை. யாரோ கீபோர்டில் விரலை வைத்துத் தட்டிய பூஜ்யம். எப்போதும் போல என்றால் எழுதாத மனுஷர், இதை ஏன் எழுதினார்?

மறுபடி அவரையே கூப்பிட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. “ஆமாக்கா! அவரு தேயிலை பேக்டரியில மெக்கானிக்கா இருந்து ரிட்டையர் ஆனவரு. போன மாசம் பூராவும் கோட்டயம் ஆஸ்பத்திரில கெடந்தாரு. வீட்டுல பெட்டி அப்படியே மிஞ்சிப் போச்சு, இந்த மாசம் வேண்டாம்னு அவரே சொன்னாரு. அதான் சைபர் போட்டேன்.”

அதாவது, வேண்டாம் என்று உண்மையிலேயே சொன்ன ஒருவர் இருந்தார். வேண்டாம் என்று சொன்னதால் அவர் வீட்டில் பெட்டி இருந்தது. ஏலப்பாறைக்கும் அவர் வீட்டுக்கும் ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. கொச்சிக்காரப் பெண்ணின் முகம் ஒரு கணம் கண்ணில் வந்து போனது.

நர்ஸ் அவரிடமே போனில் பேசினார். பெட்டி மேல் இருக்கும் மருந்தின் அளவு, காலாவதித் தேதி, முத்திரை உடையவில்லையா என்று எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். இருவருக்கும் ஒரே அளவுதான். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சரி என்றார். பிறகு நான் பேசினேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், நாளை மறுநாளே திருப்பித் தந்துவிடுகிறோம், எழுதித் தருகிறோம் என்று ஏதேதோ இழுத்தேன். அவர் பாதியில் வெட்டினார்.

“பதினாலு பெட்டி இருக்குதும்மா. எட்டு எனக்கு வச்சுக்கிடுதேன், ஆறக் கொண்டு போகச் சொல்லுங்க. என் வயித்துக்குள்ள போனா என்ன, அந்தாளு வயித்துக்குள்ள போனா என்ன? ஆளச் சீக்கிரம் அனுப்புங்க, மழ கூடுது.”

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மேட்டில் காத்திருந்த அந்தப் பெண்ணுக்கு விஷயத்தைச் சொன்னேன். பத்து நிமிடம் என்று சொன்னவள் கூப்பிட ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. “வந்துரும்லா மேடம்?” என்று மட்டும் கேட்டார். வந்துவிடும் என்றேன். இந்தத் தடவை, எனக்கு நன்றாகத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொன்னேன். பெட்டி இருக்கிறது, ஆள் கிளம்பிவிட்டார், பாதை மட்டும் தெரியவில்லை என்றேன்.

பிரதிநிதி கட்டப்பனையிலிருந்து பைக்கில் நனைந்துகொண்டே போய், குட்டிக்கானத்தில் ஒரு ஜீப்பைப் பிடித்து, ஆறு பெட்டிகளையும் தார்ப்பாய்க்குள் கட்டி ஏற்றினார். அதுவரைக்கும் தகவல் வந்தது. அப்புறம் போன் கிடைக்கவில்லை. மதியம் இரண்டு, மூன்று, நான்கு. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன், மூடினேன். முதலாளி வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். என் ஒரு பக்கத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “நானுந்தானுங்க நல்லா இருக்குதுன்னு சொன்னேன்” என்று சொல்லிவிட்டு, நெல்லியாம்பதிக்கும் ஏலப்பாறைக்கும் வண்டி விடியலில் கிளம்புவதற்கான ஏற்பாட்டைப் பார்க்கப் போனார்.

ஐந்தரைக்கு என் பஸ் போனது. நான் ஏறவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்குச் சற்று முன்பு, பிரதிநிதி மேட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு படம் வந்தது. ஒரு கட்டில். கட்டிலுக்கு அடியில், தரையில் படாமல் செங்கல் வைத்து அதன்மேல் ஆறு பெட்டிகள். ஓரத்தில் ஒரு ஆணின் கால் பாதங்கள் மட்டும் தெரிந்தன. முழுதாக ஒரு நிமிடம் அந்தப் பெட்டிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஆறு. போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் உடம்பால் உணர்ந்தேன். மேசையில் தலையைச் சாய்த்து நன்றாக அழுதேன். பிறகு மதியச் சாப்பாட்டை எடுத்து, ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

ஏலப்பாறையிலிருந்து லயத்துக்கு ஏறும் எஸ்டேட் பாதையில் மண் சரிந்து ஜீப் நின்றுவிட்டதாம். வேலை முடிந்து இறங்கி வந்த கொழுந்து பறிக்கும் பெண்கள், ஆளுக்கொரு பெட்டியைத் தலையில் வைத்துச் சேற்றைக் கடந்து ஏற்றிவிட்டார்களாம். மறுநாள் போன எங்கள் வண்டி அந்தச் சரிவுக்கு முன்னால் ஒன்றரை நாள் காத்துக் கிடந்தது. மெக்கானிக்குக்கு அவருடைய ஆறு பெட்டி திரும்பிப் போனது. வாங்கிக்கொண்டு, முத்திரையை எல்லாம் ஒரு தடவை தடவிப் பார்த்தாராம்.

இப்போது என் ரிப்போர்ட் மூன்று பக்கம்தான். வெற்றுக் கட்டங்களை மறைப்பதில்லை. மஞ்சள் நிறம் காட்டும்படி செய்து வைத்திருக்கிறேன். வண்டி கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, மஞ்சள் ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு ஒரு எண்ணை வாங்காமல் விடுவதில்லை. பூஜ்யம் என்றாலும் அது அவர்கள் வாயால் வர வேண்டும். இடுக்கிப் பிரதிநிதி, “க்கா, எழுதிட்டேன்க்கா, எப்பவும் போலத்தான், ஆனா எழுதிட்டேன்” என்று கிண்டலாக மெசேஜ் போடுவார். பிரசவம் முடிந்து வந்த பெண்ணிடம், நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன். அவளுக்கு அதில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்த எஸ்டேட் பெண்ணை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் மாதா மாதம் பெட்டிகள் வந்து இறங்கியதும் மேட்டுக்கு ஏறி எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே ஒரு முறை மணி அடிக்கும்; நான் எடுப்பதற்குள் நின்றுவிடும். நான் திருப்பிக் கூப்பிட்டு, “வந்துருச்சுங்களா அம்மணி?” என்று கேட்காமல் விடுவதில்லை. வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் “வந்துட்டு மேடம்” என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் அன்றைக்கு என் சோறு எனக்கு இறங்குகிறது.